உப்பூட்டிகளை நிறுத்தும் நாள்

கிரீன்லாந்துக்குத் தெற்கே மிதக்கும் ஏழாம் நிலையத்தில், கோடு நேராக இருந்த மாதத்தின் கடைசி நாளில் பாயசம் வைப்பார்கள். கடலோட்டத்தின் வேகத்தைத் திரையில் காட்டுவதுதான் அந்தக் கோடு. அது கொஞ்சம் வளைந்தாலும் அந்த மாதம் பாயசம் கிடையாது. அப்போது முறை வேலையில் இருந்தவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பல வருடங்களாகப் பாயசம் தவறியதே இல்லை. நிலையத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்ததற்கு அதுவே காரணம் என்று மருத்துவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

வெப்பக் கடலிலிருந்து மேலாக வடக்கே வரும் உப்புநீர் இங்கே குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கித் தெற்கே திரும்பும். பூமியின் வெப்பத்தை நாடு நாடாகப் பங்கு வைப்பதில் இந்த ஓட்டத்துக்குப் பெரிய கை உண்டு. பனிமலைகள் உருகி நல்ல தண்ணீர் மேலே பரவியதும் உப்பு நீர்த்துப்போய்க் கடல் கனம் குறைந்தது, இறங்க மறுத்தது. ஐரோப்பா உறையும், நம் பக்கம் பருவமழை பொய்க்கும் என்று பயந்துபோன நாடுகள் கூடி உப்பூட்டிகளை மிதக்கவிட்டன. வெப்பக் கடலில் பிரித்தெடுத்த உப்பைக் குழாய் வழியே கொண்டுவந்து, இங்கே கலந்து, நீரைக் கனமாக்கி இறக்குவது அவற்றின் வேலை. ஓட்டம் சற்றுத் தளர்ந்தால் தாமாகவே கூடுதலாகப் போடும். காற்றாலை மின்சாரம் வேண்டிய மட்டும் கிடைத்ததால் அவை எவ்வளவு பாடுபடுகின்றன என்று யாரும் கவனித்ததில்லை. ஓசியில் கிடைப்பதை யார் அளந்து பார்க்கிறார்கள்?

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வருடங்களாகக் கோடு நேராக ஓடியதால் கடல் குணமாகிவிட்டதென்று வல்லுநர்கள் முடிவு கட்டினார்கள். அந்த வாரக் கடைசியில் உப்பூட்டிகளை நிறுத்திக் கடலை அதன் போக்கில் விடுவதற்கு விழா. அமைச்சர்களின் கப்பல் கிளம்பிவிட்டது.

ஜெபக்கனி பெட்டி கட்டியாயிற்று. தென்தமிழ்நாட்டு நாசரேத்தில் மகள் எப்சிபாவை நாலு வயதில் விட்டுவிட்டு இங்கே வந்தவள் அவள். வருடத்துக்கு இரண்டு மாத விடுப்பு. பிள்ளை சடங்கானதையும் பள்ளிக்கூடம் முடித்ததையும் திரையில்தான் பார்த்தாள். ‘நான் வந்ததோடு போகட்டும், என் பிள்ளை இந்தக் குளிரில் கால் வைக்கக் கூடாது’ என்பதுதான் இத்தனை வருடமும் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட பேச்சு.

அவள் கடலடிச் சேற்றைப் படிப்பவள். துளைத்தெடுத்த சேற்றுத் தண்டைப் படிவுமானியில் வைத்தால், ஒவ்வொரு அடுக்கிலும் மண்மணி எவ்வளவு பருமன் என்று அது சொல்லும். வேகமாக ஓடிய காலத்தில் பருமணல் தங்கும், சோம்பிய காலத்தில் மாவு போன்ற வண்டல் தங்கும். லட்சம் வருடத்துக் கடலோட்டத்தை அவள் அப்படித்தான் படித்தாள். பனியுகத்தில் ஓட்டம் பல தடவை படுத்திருக்கிறது, எழுந்திருக்கிறது. ஒரு மனித ஆயுளுக்குள் வடக்கே நாடுகள் முழுதும் குளிர்ந்து, நம் பக்கம் மழை மெலிந்திருக்கிறது.

விழாவுக்காக, பழைய கடலின் கோட்டையும் இந்த முப்பது வருடக் கோட்டையும் ஒட்டி ஒரே படமாகத் தரச் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேர வேலை. ஒட்டிப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பழைய கோடு எங்கும் மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஓட்டம் படுக்கப்போகும் சமயத்தில் ஆட்டம் பெரிதாகி, தளர்ந்தால் நிமிர ரொம்ப நாள் எடுத்தது. கடல் கொடுக்கும் ஒரே எச்சரிக்கை அந்த ஆட்டம்தான். புதிய கோட்டில் ஆட்டமே இல்லை. லட்சம் வருடத்தில் அப்படி நேரான ஒரு துண்டை அவள் கண்டதில்லை, ஓட்டம் நின்றுபோன காலங்களைத் தவிர.

யாரும் கேட்காத கணக்கு ஒன்றை அவள் கேட்டாள். உப்பூட்டிகள் போட்ட உப்பு எவ்வளவு? திரையில் அது விரிந்ததும் காணாமல்போன ஆட்டம் முழுதும் அதில் இருந்தது. பெரிதாகி, மெதுவாகி, சில வருடங்களுக்கு முன்னால் உச்சிக்குப் போய், பிறகு இறங்கவே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் வீட்டில் இருக்கலாம் என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. அந்த நினைப்போடுதான் நிலையத் தலைவர் ஞானசிகாமணியின் அறைக்குப் போனாள். அவரும் நாசரேத்துக்காரர்தான், ஊருக்குப் போய் வாழை போடப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு நாள் மட்டும் உப்பூட்டிகளைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்போம் என்றார். குறைத்ததும் கோடு, மாடிப்படியில் உருண்ட பாத்திரம்போல இறங்கியது. நிமிர்வதற்கான அறிகுறியே இல்லை. சாயங்காலத்துக்குள் அவரே எல்லாவற்றையும் பழையபடி முடுக்கிவிட்டார்.

“அப்ப கடல் எப்பமோ நின்னு போச்சு,” என்றார்.

“ஆமா அண்ணாச்சி. ஓடுதது நாமதான்.”

முன்னெல்லாம் அதுவாகத்தானே எழுந்தது, இப்போதும் எழுந்திருக்காதா என்று கேட்டார். ஜெபக்கனி அதையும் பார்த்திருந்தாள். அந்தக் காலத்தில் ஓட்டம் நின்ற பிறகு தெற்கே வெப்பக் கடலில் நூற்றுக்கணக்கான வருடங்கள் உப்பு சேரும். போதிய அளவு சேர்ந்ததும் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பும். இப்போது அங்கே சேர்கிற உப்பைத்தான் குழாய் போட்டு இங்கே இழுக்கிறார்கள். கடல் தானாக எழ வேண்டுமென்றால் அதை முழுதாகச் சாகவிட வேண்டும். அதற்கிடையில் எத்தனை தலைமுறை மழையில்லாமல் கிடக்குமோ தெரியாது. இல்லையென்றால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாழையைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

அமைச்சர்களுக்கு விஷயம் புரிய ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கடல் தானாக எழுந்த பிறகு பிறக்கும் தலைமுறைக்கு இன்று ஓட்டு கிடையாது, ஆனால் இப்போது மழை கேட்கிற தலைமுறைக்கு உண்டு. தள்ளுவது என்று முடிவாயிற்று. வந்ததற்கு விழாவையும் நடத்தினார்கள். பெயரை மட்டும் நிரந்தரப் பொறுப்பேற்பு விழா என்று மாற்றினார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உப்பூட்டிகளின் உழைப்பையும் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் என்பதால் ஜெபக்கனியை இருக்கச் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை.

மறுநாள் மகளை அழைத்தாள். எப்சிபா தலை வாரிக்கொண்டே திரைக்கு வந்து, எந்த விமானம் என்று கேட்டாள். ஜெபக்கனி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பெண் சீப்பைக் கீழே வைத்தாள்.

“நீங்க உப்பு போடலேன்னா நமக்கு மழை வராதா?”

“உடனே நிக்காது. கொஞ்சங் கொஞ்சமா வராமப் போயிரும்.”

“சரி. உனக்கப்புறம் யாரு பாப்பாங்க?”

“யாராவது வருவாங்கட்டி.”

“அவங்களுக்கப்புறம்?”

ஜெபக்கனி தான் படித்த லட்சம் வருடத்தை நினைத்தாள். கடல் எத்தனையோ முறை விழுந்து எழுந்திருக்கிறது, ஒரு முறையும் அது எவர் வீட்டுப் பிள்ளையையும் கேட்டதில்லை.

எப்சிபா சீப்பை மறுபடி எடுத்தாள். பிறகு, “அங்க வேலைக்கு வரணும்னா நான் என்னம்மா படிக்கணும்?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஜெபக்கனி வாயெடுத்தாள். தான் வேண்டாம் என்றால் இன்னொரு தாய் தன் மகளிடம் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.