சிங்கிக்கு ஒரு பை ரத்தம்

போன் அலறியது!

ஏட்டு பாய்ந்து எடுத்தார்.

"உங்க சிங்கிக்கு மண்ணீரல்ல கட்டி உடைஞ்சிருக்கு... வயிறு பூரா ரத்தம்!" கால்நடை டாக்டரம்மாவின் குரல் படபடத்தது. "உடனே ஆபரேஷன் பண்ணணும். ஆனா வேற நாயோட ரத்தம் ஏத்தாம கத்தி வச்சா, மேஜையிலேயே போயிடும்!"

காலையில் ஸ்கேனுக்காக விட்டுவிட்டு வந்தபோதுகூட வாலாட்டிய சிங்கி... மோப்பப் படையில் ஆறு வருஷம் அவரோடு ஓடிய சிங்கி! பெற்ற மகளிடம்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

"எந்த நாய் கொடுக்கலாம், டாக்டர்?"

"இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கணும். நோய்நொடி கூடாது. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும். என் ரெஜிஸ்டர்ல இப்போ ஒண்ணுதான் தேறுது... பேரு குண்டன்."

டாக்டரம்மா முகவரியைச் சொன்னார்.

ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது திருடன் பூனைக்கால் வீடு! சத்தமில்லாமல் பூட்டை உடைப்பதில் ஆள் பலே கில்லாடி. மோப்பம் பிடித்து அவனை இரண்டு தடவை உள்ளே தள்ளியதே சிங்கிதான்.

ஜீப் வாசலில் நின்றதுதான் தாமதம்...

பூனைக்கால் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஓட்டம் பிடித்தான்.

"டேய், நில்லுடா!"

"நான் ஒண்ணும் பண்ணலைங்கய்யா!"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா! ரத்தம்தான் வேணும்!"

அவன் வேகம் இரட்டிப்பானது. பாவம், அதைக் கேட்டுவிட்டு யார்தான் நிற்பார்கள்?

இரண்டு தெரு தாண்டியதும் ஏட்டு மூச்சிரைக்க ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விஷயத்தைக் கத்திச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதேவிட்டார்.

பூனைக்கால் நின்றான். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான். போலீஸ் அழுது அவன் பார்த்ததே இல்லை.

"அட, என்னங்கய்யா நீங்க... சின்னப்புள்ளையாட்டம்! எந்திரிங்க, குண்டனைக் கூட்டிட்டு வரேன்."

அடுத்த அரை மணி நேரத்தில் ரத்தப் பொருத்தம் பார்த்தாகிவிட்டது. பொருந்தியது! கழுத்தில் ரோமம் மழித்த குண்டன் மேஜைமேல் ஜம்மென்று படுத்திருந்தான்.

ஊசியை எடுத்த டாக்டரம்மா சட்டென்று நின்றார்.

"சமீபத்துல இவனுக்கு ஏதாவது மருந்து, மாத்திரை உள்ள போச்சா? மறைச்சா அந்த நாய்க்குத்தான் ஆபத்து."

பூனைக்காலுக்கு வியர்த்தது. ஏட்டைப் பார்த்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மயக்கத்தில் கிடந்த சிங்கியைப் பார்த்தான். அதன் ஈறு வெளுத்துப் போயிருந்தது.

"மென்னு முழுங்காதேடா, சொல்லித் தொலை!" ஏட்டு பதறினார்.

"போச்சுங்க... தூக்க மாத்திரை. பத்து நாள் முன்னாடி பிஸ்கட்டுல வச்சிருந்தேன். இவன் ஒண்ணை லவட்டிட்டான்."

"பிஸ்கட்டுல தூக்க மாத்திரையா? எதுக்கு?"

"அந்த நகைக்கடைக்காரர் பங்களா நாய்க்குங்க..."

ஏட்டின் வாய் பிளந்தது. பத்து நாளாக டிபார்ட்மென்ட்டே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த திருட்டுக் கேஸ்! கொட்டிய மழையில் சிங்கிக்குக்கூட வாசனை சிக்காத கேஸ்!

டாக்டரம்மா சிரித்தார். "பத்து நாளாச்சா? அதெல்லாம் எப்பவோ உடம்பை விட்டுப் போயிருக்கும். தாராளமா எடுக்கலாம்!"

"ஐயோ... அப்போ சொல்லாமலே இருந்திருக்கலாமா?!"

இரண்டு மணி நேரம் கழித்து ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது.

"பிழைச்சுக்கிட்டா!"

ஏட்டு பூனைக்காலைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினார். கண்ணைத் துடைத்தார். அப்புறம் சங்கடத்தோடு விலங்கை எடுத்தார்.

"மன்னிச்சுக்கடா..."

"மாட்டுங்கய்யா, பரவாயில்லை. ஆனா துப்பு துலக்கினது நீங்கன்னு மட்டும் எழுதிக்காதீங்க."

"பின்னே யாராம்?"

நாக்கைத் தொங்கப்போட்டுத் தூங்கும் சிங்கியைப் பூனைக்கால் காட்டினான்.

"மயக்கத்துல படுத்துக்கிட்டே என்னைப் பிடிச்சது அவதான்... நீங்க வெறும் ஜீப் டிரைவர்!"