பின்கதவுப் படம்

செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை காலை, துணி ஆலை அலுவலகத்தின் மாடியறையில், பழைய புகைப்படங்களைச் சிறிய கோப்புகளாக மாற்றும் வேலை தொடங்கியது.

அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கணினி சூடேறினால் தூசி வாசனை வரும். வேலை பார்த்த கணினிக்காரருக்கு ஆலையில் ‘சுருக்கு’ என்று பெயர். எவ்வளவு பெரிய படத்தையும் புது வடிவத்துக்கு மாற்றி நகத்தளவு ஆக்கிவிடுவார். கண்ணுக்குத் தெரியாததைத்தான் அது கழிக்கிறது என்பார்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, பின்கதவு படத்தை மட்டும் தொட்டுடாத. திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போகணும்.”

“என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உன்மேல இருக்கு. உன் மிஷின்மேலதான் இல்ல.”

சாயக் கொட்டகை எரிந்த நாள் காலையில், தீப்பிடிப்பதற்கு முன், காப்பீட்டுக்காக அதன் பின்கதவை வெளியிலிருந்து எடுத்த படம் அது. பெரிதாக்கினால் கதவில் தொங்கும் பூட்டு தெரியும். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் தங்கை தெரிவாள். தீயில் போனவள். கதவு பூட்டப்படவே இல்லை என்று நிர்வாகம் சாதித்தது. அக்கா கேட்ட நகலை மேலாளர் கடைசிவரை தரவில்லை.

சுருக்கு அந்தப் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டார். ஆனால் அந்த ஃபோல்டரைப் பெரிய ஃபோல்டருக்குள்ளேயே விட்டுவிட்டார். ‘உள்ளே இருப்பவற்றையும் மாற்று’, ‘மாற்றியதும் மூலத்தை அழி’ என்ற இரண்டு கட்டங்களிலும் வழக்கம்போல் டிக் இருந்தது.

மதியம் பின்கதவுப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார்.

பூட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஈரத்துணி கருகும் வாசனை வந்தது.

பதறிப்போய் அடுத்த படத்தைத் திறந்தார். கேன்டீன் திறப்பு விழா. பின்சுவரில், கதவே இல்லாத இடத்தில், ஒரு கதவு.

அதில் பூட்டு.

அதற்கடுத்த படத்தில், விளையாட்டு மைதானத்தின் நடுவிலும் அதே கதவு நின்றது. கண்ணாடியில் உள்ளிருந்து அழுத்திய இரண்டு உள்ளங்கைகள். பெரிதாக்கப் பெரிதாக்க அவை மங்கவில்லை. ரேகை வரை தெளிந்தன.

எப்போது வந்தாளோ, அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“அவ கைதான்,” என்றாள் மெதுவாக. “சாயக்கறை போகவே போகாது.”

விஷயம் தெரிந்து மேலாளர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார்.

“இன்னும் சின்னதா பண்ணுய்யா. தானா மறைஞ்சிடும்.”

சுருக்கு அப்படியே பண்ணினார்.

கைகள் மறைந்தன. அங்கே ஒரு முகம் இருந்தது.

அது அக்காவைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்த்தது.

திங்கட்கிழமை, எல்லாப் படத்திலும் ஒரே கதவு இருப்பதால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஆலை வக்கீல் வாதிட்டார். மூலப் படம் எங்கே என்று நீதிபதி கேட்டார். அழிந்துவிட்டது என்றார் சுருக்கு. வழக்கு தள்ளுபடியானது.

“கண்ணுக்குத் தெரியாததைத்தான் கழிக்கும்னியே தம்பி,” என்றாள் அக்கா, நீதிமன்றப் படியிறங்கும்போது. “அவ யார் கண்ணுக்குத்தான் தெரிஞ்சா?”

அந்த வாரமே அவளுக்கு வேலை போனது. மேலாளருக்குப் பதவி உயர்வு வந்தது. புது அடையாள அட்டைக்காக அவரை வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் கதவு இருந்தது. பூட்டு இல்லை.

மறுபடி எடுத்தார்கள். கதவு சற்றுத் திறந்திருந்தது.