போய்விடக்கூடியவர்கள்

“தொண்டையில இருந்து கத்தாதீங்க. அடிவயித்துல இருந்து வரணும். எங்கே, மறுபடி சொல்லுங்க: ‘மேனேஜரைக் கூப்பிடு!’”

“மேனேஜரைக் கூப்பிடுங்க” என்றாள் யாழினி.

“கூப்பிடு! அந்த ‘ங்க’வை யார் சேக்கச் சொன்னா?”

“தானா வந்துருதுங்க மிஸ்.”

கோபப்படக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கோபக்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஸ்மேரி மிஸ் சிரிக்கவில்லை. யாழினியின் அருகே வந்து நின்று, பாடம் நடத்துகிற பாவனையிலேயே குதிகாலால் அவள் கால் விரலை நச்சென்று மிதித்தாள்.

“ஸ்ஸ்... போச்சாதுங்க மிஸ், போச்சாதுங்க.”

“பாத்தீங்களா!” மிஸ் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். “மிதிச்சது நான். சமாதானம் சொல்றது அவங்க. இந்த ஊரைக் கெடுக்கறதே இந்த ஒரு வார்த்தைதான். ‘போச்சாது, விடுங்க, பரவால்ல.’ கடைக்குள்ள போய் இதைச் சொன்னீங்க, முடிஞ்சுது. அந்தத் தூண் காதுல விழுந்த நிமிசமே உங்களைக் கடைசிக்குத் தள்ளிரும்.”

தூண் என்று மிஸ் சொன்னது பொறைமானியை. ஈரோட்டில் நிறைநாழி அங்காடி வாசலில் அது வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உள்ளே நுழைகிறவரின் நடை, மூச்சு, விழி, குரல் எல்லாவற்றையும் ஒரு நொடியில் அளந்து, இந்த ஆள் எத்தனை நேரம் பொறுப்பார் என்று அது கணித்துவிடும். அங்காடியில் எடுப்பது, கட்டுவது, காசு வாங்குவது எல்லாம் பொறிகள்தான். மனிதர் என்று கடைக்கு ஒருவர் இருந்தார். அவருக்குப் பெயரே ‘முகம்’. பழுதான பொருளை மாற்றித் தரவும் குறையைக் கேட்கவும் அந்த முகத்தால்தான் முடியும். முகம் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதைப் பொறைமானி சொல்லும். பொறுக்காதவருக்கு முதலில். பொறுக்கிறவர் பொறுக்கட்டும்.

இது தெரிந்த நாளிலிருந்து ஊரின் குணமே மாறிப் போயிற்று. ‘பொறுத்தார் பூமியாள்வார்’ என்று யாராவது சொன்னால், ‘ஆண்டுட்டுப் போகட்டும், எனக்கு மொதல்ல இந்தக் கிழிஞ்ச பால் பாக்கெட்டை மாத்திக் குடுக்கச் சொல்லு’ என்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், “பொண்ணு நெம்பச் சாதுங்க” என்று சொன்ன தகப்பனை மாப்பிள்ளை வீட்டார் பரிதாபமாகப் பார்த்தார்கள். “அப்பறம் கடைகண்ணிக்கு யார் போவாங்க?” என்று கேட்டே விட்டாள் ஒரு மாமியார்.

யாழினி சாது. அதுதான் அவள் தலையெழுத்து.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் பரணிதரன் மூச்சுப்பேழையின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். சாயப்பட்டறையில் வேலை பார்த்துப் பார்த்து நுரையீரல் பாதி போயிருந்தது. மிச்சப் பாதிக்குக் காற்றை வடிகட்டிக் கொடுப்பது அந்தப் பேழை. அதற்குள் கைக்கடக்கமாக ஒரு வடிகூடு. போன தடவை அங்காடியிலிருந்து வந்த வடிகூட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். காற்று பாதி உள்ளே போயிற்று, பாதி உஸ்ஸென்று வெளியே போயிற்று.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றால் முடியாது. வடிகூடு ஒவ்வொன்றும் நோயாளியின் பெயரில் பதிவானது. பழையதை முகம் கையில் வாங்கிக்கொண்டால்தான் புதியது இருக்கும் பெட்டி திறக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டால், “அதெல்லாம் இப்ப நிறைநாழிதானுங்க” என்று கையை விரித்தார்கள். யாழினியும் நாள் தவறாமல் போய் வந்தாள். ஒரு நாளும் முகம் அவள் பக்கம் திரும்பவில்லை. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று கூரையிலிருந்து ஒரு குரல் மட்டும் தேனாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

“என்ன... கத்துக்கிட்டு வந்தே?” என்றான் பரணி. ஒரு வாக்கியத்தை இப்போது அவன் இரண்டாக மூன்றாக உடைத்துத்தான் பேசினான்.

“அடிவயித்துல இருந்து கத்தோணுமாம்.”

“எங்கே, என்னைத் திட்டு. பாப்பம்.”

“உங்களை எதுக்குங்க திட்டறது?”

“பழகத்தான். திட்டு.”

யாழினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்தாள். “ஏனய்யா! மருந்தைச் சாப்பிட்டியா இல்லியா!” என்று கத்தினாள். கத்தி முடித்த கையோடு, “சாப்பிட்டீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

பரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தவளுக்கு, அப்போதுதான் வயிற்றுக்குள் எங்கேயோ நிஜமாகவே ஒன்று பற்றிக்கொண்டது.

மறுநாள் அதை அணையவிடாமல் அங்காடிக்கு எடுத்துப் போனாள்.

“எவனாவது இருக்கியா இங்கே!” என்றாள் நுழைந்ததும். தள்ளுவண்டியை உதைத்தாள். அடுக்கியிருந்த பிஸ்கட் டப்பாக்கள் உருண்டன. “மனுசன் மூச்சுக்குத் தவிக்கறான், உங்களுக்கு நன்றி ஒரு கேடா! வாடி வெளிய! மொகமாம் மொகம்!”

அவளைப் போலவே காத்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், “நல்லாத்தான் கத்தறீங்க” என்று மெச்சிக்கொண்டார்.

“உங்கள் பொறுமைக்கு நன்றி” என்றது கூரை.

அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு இளைஞன் உள்ளே வந்தான். கையில் ஒரு சென்ட் பாட்டில். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கக்கூட இல்லை. உள்கதவு திறந்தது. முகம் ஓடி வந்தாள். இலக்கியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்.

“வாங்க சார், சொல்லுங்க சார்.”

“மல்லிகை வாசம் கேட்டேன், தாழம்பூ வந்திருக்கு. இருந்தா மாத்துங்க. இல்லாட்டிப் போகுது, வேற கடையில பாத்துக்கறேன்.”

“ஐயோ, இருங்க சார், ஒரே நிமிசம்.”

மல்லிகை வந்தது. அவன் போனான். இலக்கியா திரும்புவதற்குள் யாழினி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, அந்தப் பையன் கோவமே படலியே. நான் இத்தனை கத்தறேன், எனக்கு ஏன் வரமாட்டேங்கறே?”

அந்தப் பெண் தூணைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, அது கோவத்தை அளக்கறதில்லைங்கம்மா. ஊர்ல அப்படி ஒரு பேச்சு. கோவக்காரங்க பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருவாங்க, அதனால அப்படித் தெரியுது. அது பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆளு போயிருவாங்களா, மாட்டாங்களா? போயிருவாங்கன்னா யாவாரம் போச்சு, ஓடிப் போய்க் கவனிக்கோணும். போக மாட்டாங்கன்னா எதுக்குக் கவனிக்கோணும்? இருக்கத்தானே போறாங்க.”

“நான் போக மாட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதைக் கையில வெச்சிருக்கீங்களே, அந்தப் பிடியிலயே தெரியுதுங்கம்மா.”

யாழினி குனிந்து பார்த்தாள். வடிகூட்டை அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கத்தும்போதும் அப்படித்தான் பிடித்திருந்தாள்.

“நீயே இப்ப வாங்கிக்கோ சாமி. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“நான் தொட்டாலும் பெட்டி திறக்காதுங்கம்மா. உங்க முறைன்னு அது சொல்லோணும்.” இலக்கியாவின் மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தது. யாரோ இன்னொருவர், போய்விடக்கூடியவர், உள்ளே வந்திருந்தார். “உங்களுக்கு அது வேண்டாம்னு ஆகோணும். அப்பத்தான் நான் வர முடியும்.”

கையை உருவிக்கொண்டு அவள் ஓடினாள்.

பொழுதோடு வீட்டுக்கு வந்து பரணியிடம் இதைச் சொன்னாள். பேழை உஸ்ஸென்றது.

“அப்ப... என்னை வேண்டாம்னு... நெனச்சுட்டுப் போ.”

“சும்மா இருங்க.”

“இத்தனை வருசத்துல... ஒருவாட்டிகூடவா... நெனச்சதில்லே?”

“எத்தனையோவாட்டி நெனச்சிருக்கறேன். கேக்கற நேரத்துக்கு வரமாட்டேங்குதே.”

“நான் எடுத்துக் குடுக்கறேன். உன்ற ஸ்கூட்டரை... கேக்காம வித்தேன்.”

“ஆமா. ஒரு வாரம் பேசாம இருந்தேன்.”

“உன் தங்கச்சி கல்யாணத்துல... குடிச்சுட்டு வந்து...”

“அதை ஏன் ஞாபகப்படுத்தறீங்க? மானம் போச்சு அன்னிக்கு.”

“அப்படித்தான். அதைப் பிடிச்சுக்கோ. அப்பறம்... என் கொறட்டை.”

“பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்டாரே, மோட்டார் ஏதாச்சும் ஓடுதான்னு.”

“அந்தக் கொறட்டையை நெனச்சுக்கிட்டே... உள்ள போ. இந்த ஆளு தொலைஞ்சாத் தேவலைன்னு... போ.”

போனாள். வழியெல்லாம் முனகிக்கொண்டு போனாள். ஸ்கூட்டரை வித்தவன். மானத்தை வாங்கினவன். வாசலை நெருங்கும்போது நெஞ்சு நன்றாகவே கல்லாகியிருந்தது. குறட்டை, குறட்டை என்று சொல்லிக்கொண்டே தூணைத் தாண்டினாள். குறட்டைச் சத்தம் வீட்டில் நின்றுபோய் எத்தனை நாளாயிற்று, இப்போது ராத்திரியெல்லாம் அந்த உஸ்தான், அதுவும் எங்கே நின்றுவிடுமோ என்று விழித்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது.

தூண் அதையும் பார்த்துக்கொண்டது.

“உங்கள் பொறுமைக்கு நன்றி.”

மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்று தோன்றி, எழுந்து விடுவிடென்று வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்து நின்றாள். இப்போது கூப்பிடுவார்கள், போகிறாளே என்று பதறி ஓடி வருவார்கள் என்று காது கொடுத்துக் காத்திருந்தாள். பஸ்கள் வந்தன, போயின. யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வெளிய போயிட்டா வந்தீங்க?” என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

“ஆமாங்.”

“அடடா. நானும் ஒருக்கா அப்படிப் பண்ணித்தான் கெட்டேன். போனாலும் திரும்பி வர்ற ஆளுன்னு குறிச்சுக்கும். இனி நீங்க நானெல்லாம் நெம்பக் கடைசி.”

அன்று அங்காடி மூடும்வரை இருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெருமுனை திரும்பும்போதே வீட்டு வாசல் தெரிந்தது. வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

கருமாதி முடிந்த பிறகு அங்காடியிலிருந்து ஒரு குரல் போனில் வந்தது. மூச்சுப்பேழையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம், அதுதான் நடைமுறையாம். யாழினி அதைக் குழாயோடு, வடிகூட்டோடு ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால்தான் என்ன என்று பாதி வழியில் ஒரு யோசனை. இதைக் குப்பையில் எறிந்துவிட்டுத் திரும்பினால்தான் என்ன? கால் தன்பாட்டுக்கு நடந்ததால் அவளும் போனாள்.

தூணைத் தாண்டினாள். உள்கதவு திறந்தது.

“வாங்கம்மா, வாங்க!” இலக்கியா ஓடி வந்தாள். அவள் முகத்துச் சிரிப்பு பாதியில் நின்றது. யார் என்று அப்போதுதான் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டுப் பட்டை விடாமல் அதிர்ந்தது. அவள் மறுபடி சிரித்தாக வேண்டியிருந்தது. “உக்காருங்கம்மா.”

ஒரு பொறி நாற்காலி கொண்டுவந்தது. இன்னொன்று மோர் கொண்டுவந்தது. “தங்களைக் காக்க வைத்ததற்கு வருந்துகிறோம்” என்றது கூரை. பையிலிருந்த பழைய வடிகூட்டை எடுத்து இலக்கியா கையில் வைத்த மாத்திரத்தில், எதிரே சுவரில் பெட்டி ஒன்று சப்தமில்லாமல் திறந்தது. உள்ளே புத்தம் புதிய வடிகூடு, மேலே பரணிதரன் என்ற பெயரோடு.

“இது வேண்டாம் கண்ணு” என்றாள் யாழினி.

அவள் வேண்டாம் என்றதும் தூண் இன்னும் பதறிப்போயிற்று. இன்னொரு பெட்டி திறந்தது. அதில் ஒரு வடிகூடு இலவசமாக. இனிப்பு வந்தது. “தங்களை இழக்க நாங்கள் விரும்பவில்லை” என்றது கூரை. இலக்கியா தலையைக் குனிந்துகொண்டு, சிரித்த வாய் மாறாமலே அழுதுகொண்டிருந்தாள்.

யாழினி எழுந்தாள். அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இளவயதுக்காரி, மடியிலிருந்ததை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அக்கா, அக்கா! ஒரு நிமிசம். நீங்க வந்து பத்து எட்டு வெக்கறதுக்குள்ள ஓடி வந்தாங்களே. எப்படிக்கா? எந்தக் கூடத்துல படிச்சீங்க?”

“எங்கயும் படிக்கல.”

“அட சொல்லுங்கக்கா. வேண்டாம்னு நெனைக்கோணும்னு இங்க காத்திருக்கறவங்க எல்லாரும்தான் சொல்றாங்க, எனக்கு வரமாட்டேங்குது. உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

யாழினி அவள் கையைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்ததும் ஒரு வடிகூடுதான். சின்ன அளவு, குழந்தைகளுக்கானது. அவளும் அதை நெஞ்சோடு சேர்த்துத்தான் பிடித்திருந்தாள்.

“அது வர வேண்டாம் சாமி” என்றாள் யாழினி. “நீ போய் உக்காரு. காத்துட்டே இரு. எத்தனை நாளானாலும் காத்துட்டிரு.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது.

“சொல்லிக் குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க” என்றாள். “உங்க காரியம் முடிஞ்சுதல்ல, இனி உங்களுக்கென்ன!”