சனிக்கிழமைப் பொய்கள்

அந்தப் பதிவை அவள் போடவில்லை. போனில் காலண்டரைத் திறந்தபோது இன்றைய சனிக்கிழமைக்கு நேராக, மாலை ஆறரைக்கு, ‘தங்கச்சி வீட்டில் இல்லை’ என்று இருந்தது. அவளைத் தங்கச்சி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அந்த அக்கா போய்ச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை.

வெளியே மழை சாய்வாக அடித்து ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது; அடுப்படியில் குக்கர் ஆவி அடங்கும் சீறல், மாடிப்படியில் யாரோ குடையை உதறும் சத்தம், அதோடு எங்கிருந்தோ மெலிதாகத் தைல வாசனை. அக்கா உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம்.

அக்காவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் மட்டும் இருந்தது. சனிக்கிழமை மாலை வந்து உட்கார்ந்தால் பாதி பேச்சு, பாதி அழுகை. தங்கைக்கு அலுத்துவிட்டது. அக்கா “வரட்டுமா?” என்று போன் செய்யும்போதெல்லாம் எதையாவது சொல்லித் தட்டிக் கழித்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. எந்த வாரம் என்ன சொல்வது என்று குழம்பாமலிருக்க, முன்கூட்டியே அலுவலக மெயில் கணக்கின் காலண்டரில் குறித்து வைத்தாள். ‘அக்கா: காய்ச்சல் என்று சொல்லணும்.’ ‘அக்கா: பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லணும்.’ ‘அக்கா: பெல் அடித்தால் திறக்காதே.’ அரை மணி முன்னால் நினைவூட்டல் வேறு. விளக்கை அணைக்க அவகாசம் வேண்டாமா?

அக்காவின் போன் கெட்டபோது தன் பழைய போனைக் கொடுத்தாள். பெரிய தர்மப்பிரபு. சொந்தக்காரர் நம்பரையெல்லாம் புதிதாக ஏற்ற யாருக்குப் பொறுமை? தன் கணக்கை அதிலேயே விட்டுவைத்து, “எல்லார் நம்பரும் இதுலயே இருக்குக்கா” என்று சொல்லிக் கையில் வைத்தாள்.

நம்பர்கள் போன வழியில் காலண்டரும் போயிருக்கிறது. சாவு வீட்டைக் கூட்டிப் பெருக்கும்போது அந்த போனில் தன் நினைவூட்டல் ஒளிர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவின் கையிலும் அது மணியடித்திருக்கிறது. ‘திறக்காதே’ என்பதைக்கூட அக்கா படித்திருக்கிறாள். படித்துவிட்டும் போன் செய்து, பொய்யை முழுதாகக் கேட்டு, “சரிம்மா, உடம்பைப் பாத்துக்க” என்று வைத்திருக்கிறாள். நெஞ்சு வலித்து உயிர் போன சனிக்கிழமை மட்டும் அவள் அழைக்கவில்லை. அன்றைய பதிவு பல் டாக்டர்.

இதைத் தங்கை தன் கணவனிடமும் சொல்லவில்லை. அந்த போனை எடுத்து வந்து பீரோவின் அடியில் சேலைகளுக்குள் புதைத்துவிட்டாள். தெரிந்தால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? கூசியது. இப்போதும் கூசியது.

அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு சர்வர் அண்ணன் என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் அவரிடம் காபி கேட்டு அசடு வழிவார்கள். அவரை அழைத்தாள்.

“அண்ணே, என் காலண்டர்ல நான் போடாத ஒண்ணு வந்திருக்கு.”

“இரும்மா, பாக்கறேன். உன்னோட பழைய போன்லேருந்து வந்திருக்கு. இப்பதான்.”

“அது சார்ஜ் இல்லாம பீரோவுல கிடக்குண்ணே.”

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. “சரி, அந்த போனை நான் இங்கேருந்து துண்டிச்சுடறேன். நீ பதிவை அழிச்சுடு. ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போயிடும்.”

அழித்தாள். போய்விட்டது. மூச்சு விட்டாள்.

திரும்ப வந்தது. இம்முறை அதன் கீழே இரண்டு வரி கூடியிருந்தது. ‘தினமும். முடியும் தேதி: இல்லை.’

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. தைல வாசனை இப்போது கூடத்தில். குடை உதறும் சத்தம் மாடிப்படியில் இல்லை, வாசல் கதவுக்கு உள்ளே. கால்மிதி நனைந்திருந்தது. ஏதோ தோன்றி, போனின் தொடர்புப் பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். அக்கா பெயர் இருந்தது. கணவன் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

ஆறரை.

பூட்டில் சாவி திரும்பியது. கணவன். நனைந்த தலையும் கையில் பையுமாக. உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. எதிரே போய் நின்றாள்.

“ஏம்மா, எங்க இருக்க?” என்றான், அவளைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து.

“இங்கதான் இருக்கேன்.”

அவன் அறை அறையாகப் போனான். குளியலறைக் கதவைத் தட்டினான். போனை எடுத்துத் தேடினான். “இவ நம்பர் எங்க போச்சு?” என்று முணுமுணுத்தான். பிறகு எதிர்வீட்டுக்காரரை அழைத்தான்.

“இல்லைங்க, வீட்டுல இல்ல. சொல்லாம எங்கயும் போக மாட்டா.”

அவன் கையைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அப்போது சொன்னாள். காய்ச்சல் பொய். பல் டாக்டர் பொய். இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே நிற்பது தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டே சொன்னாள், ஒன்று விடாமல்.

அவன் குடையை எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டினான். கூடத்து விளக்கை அணைத்தான். வெளியிலிருந்து பூட்டினான்.

இருட்டு. மழை. சோபாவின் ஓரத்தில் கனத்த உருவம் ஒன்று. சேலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

பக்கத்து இடத்தை ஒரு கை தட்டிக் காட்டியது. மெதுவாக. பிரியமாக.

“உட்காரும்மா. இனிமே நம்மளக் கூப்பிட யாரும் வர மாட்டாங்க.”