ஈரம் காயாத முகம்

இதுவரை பார்த்த கோட்டைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இருவர் பெயரையும் எழுதிய ஒஃபோரி, இந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்தின் வருகைப் பதிவேட்டில் தன் பெயரை மட்டும் எழுதினான். "என் பேரு எங்க?" என்று அவன் மனைவி செர்வா கேட்டாள். அவன் பேனாவை மூடினான். நாலு நாளாகக் காரோட்டுகிறான், அசதியில் மறந்திருப்பான் பாவம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காப்பாளர் டான்சோவுக்கு வணக்கம் சொன்னாள். பதில் இல்லை. இந்தப் பக்கம் ஏழு தலைமுறைப் பகையாளியும் வணக்கத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருவான். செத்தவர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்வதில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னாள். டான்சோ ஒஃபோரியின் கையை மட்டும் பற்றிக்கொண்டார்.

"மனசத் தேத்திக்குங்க அண்ணே."

உள்ளறையில் நடுமதிய வெயில் தரையெல்லாம் கிடந்தும் குளிர்ந்தது. ஈரக் களிமண்ணும் பனை எண்ணெயும் கலந்த வாடை தொண்டைவரை இறங்க, எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுச் சாவுக்கு, செத்தவரின் சாயலில் செய்துவைத்த சுடுமண் தலைகள் வரிசையாக, கண்மூடி இருந்தன. கடைசித் தலை மட்டும் சுடாதது. கண்கள் திறந்திருந்தன. மோவாயில் அவளுடைய தழும்பு. உச்சியில், போன வாரம் ஒஃபோரி ஆசையாக வெட்டிவிட்ட அவளுடைய பின்னல்கள்.

"நீ இங்க முன்னாடியே வந்திருக்கியா?"

"போன வருஷம். டாக்டருங்க கைவிட்டப்போ."

"எதுக்கு?"

"என் எடத்துல யாராச்சும் ஒருத்தர் போயாகணும்னாங்க, செர்வா."

மூன்று மாதம் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். மலம் அள்ளினாள். அதற்கு நன்றியாகத்தான் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்தான். கிளம்பும்போது பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள். பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. கத்தினாள். சத்தமில்லை. நாக்கில் மண்.

டான்சோ கட்டைவிரலைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தார். மண்முகத்தின் இடது இமையைக் கீழே இழுத்து அழுத்தினார்.

அவளுடைய இடது கண் இருண்டது.

மிச்சமிருந்த கண்ணால் கணவனைத் தேடினாள். அழுதுகொண்டிருந்தான். அழுதபடியே குனிந்து, தண்ணீர்க் கிண்ணத்தை டான்சோவின் கைக்கு எட்டுமாறு நகர்த்திவைத்தான்.