வலது பக்கத்துப் பை

அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது சட்டைப்பை வலது பக்கம் இருந்தது.

கோபத்தில் இருந்தவள் அதை உடனே கவனிக்கவில்லை. வெளிநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மகள் போட்டுக்கொடுத்த ரயில் பயணம் இது. ஜன்னலுக்கு வெளியே மலையும் ஏரியும் வரைந்து வைத்த மாதிரி போய்க்கொண்டிருக்க, இந்த மனிதர் வண்டி நின்ற இடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஊர் ரயிலில் பழகிய பழக்கம். இங்கே விசிலும் கிடையாது, கொடியும் கிடையாது. கதவு பூனை மாதிரி வந்து மூடிக்கொள்ளும். பாஸ்போர்ட், போன் எல்லாம் அவள் கைப்பையில். அவர் ஏறுகிற வரைக்கும் வாசலையே பார்த்திருந்தவள் ஏரியை எங்கே பார்த்தாள்?

"இன்னொரு தடவை இறங்கினீங்க, நான் பாட்டுக்குப் போய்டுவேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"போங்க கலெக்டரம்மா. போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லுங்க" என்று எப்போதும் கூப்பிடும் கேலிப்பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அவள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி அசைந்த பிறகுதான் பதறித் திரும்பினாள். இருந்தார்.

"தண்ணி பிடிச்சாச்சா?"

"இல்லம்மா."

"பாட்டில் எங்கே?"

அவர் புன்னகை செய்தார்.

"அதையும் தொலைச்சாச்சா? இந்த அழகுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?"

"தப்புதாம்மா. இனி இறங்க மாட்டேன்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் எரிச்சல் ஏறிக்கொண்டுதான் போனது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்று சொல்லி அவர் ஒன்பது சொல்லாமல் இருந்ததில்லை. சண்டைக்கு ஆள் இல்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மழையில் நின்று வந்தவர் மேல் மழை வாசனை இல்லை, வேர்வை வாசனை இல்லை. கண்ணாடி துடைத்துப் போட்ட ஈரத்துணியின் வாசனை மட்டும் லேசாக அடித்தது. தலை துவட்டச் சொல்லலாம் என்று திரும்பியவளின் கண் அப்போதுதான் அந்தப் பையில் நின்றது.

அவள் தையல்காரி. அந்தச் சட்டையை வெட்டியவளும் தைத்தவளும் அவளே. பையை இடது பக்கம் வைத்திருந்தாள். எல்லா ஆண்களுக்கும் அங்கேதான் வைப்பாள். இப்போது பை வலது பக்கம் இருந்தது. பொத்தான் இருந்த பக்கம் காஜா ஓட்டையும், ஓட்டை இருந்த பக்கம் பொத்தானுமாகப் பட்டியே இடம் மாறியிருந்தது. பிரித்துத் தைத்த தடம் இல்லை. அவள் கைத்தையல்தான். அவள் போடும் முடிச்சுதான். பார்வை மெல்ல மேலே ஏறியது. இடது காதுக்குக் கீழே இருக்கும் மச்சம் அங்கே இல்லை. வலது காதுக்குக் கீழே இருந்தது.

"என்னங்க," என்றாள். "என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"உனக்குப் பிடிச்ச மாதிரிம்மா."

வண்டி வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பச்சை பெஞ்சு; நடுவில் ஒரு கட்டை உடைந்திருந்தது. போன ஸ்டேஷனிலும் அதே பெஞ்சு. அதற்கு முந்தியதிலும். பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பாட்டில். நனைந்து உடம்போடு ஒட்டிய சட்டை. பை இடது பக்கம்.

அவர் ஜன்னலைப் பார்த்து ஓடிவந்தார். இரண்டு கையையும் வீசி வீசிக் காட்டினார். வாய் ஏதோ கத்தியது. கண்ணாடி அதைத் தின்றுவிட்டது.

கூப்பிடுகிறார். மொழி தெரியாத ஊரில், கையில் காகிதம் ஒன்றில்லாமல், பாவி மனிதர் கூப்பிடுகிறார்.

அவள் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர் தடுக்கவில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். நடைவழி. கதவு. ஈரக்காற்று. கால் தரையைத் தொட்டபோதுதான் கைப்பை நினைவு வந்தது. திரும்பினாள். கதவு சத்தமில்லாமல் மூடியிருந்தது.

அவர் மூச்சு வாங்க வந்து அவள் கையைப் பிடித்தார். மழை வாசனை. வேர்வை வாசனை.

"ஏன்டி இறங்கினே?" என்றார். "இறங்காதே, இறங்காதேன்னுதானே அவ்வளவு கத்தினேன்."

"நீங்க எப்படி இங்கே..."

"நான் எங்கேயும் போகலை. வண்டிதான் திரும்பத் திரும்ப இங்கேயே வந்து நிக்குது. ஏறப்போனா கதவு திறக்க மாட்டேங்குது, கலெக்டரம்மா."

அவள் அவர் கையை விடவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளே அந்த மனிதர் நிதானமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அவளுடைய இருக்கையில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தோடு ஒருத்தி. இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இவளுக்கு வலது மணிக்கட்டில். அந்த ஒருத்திக்கு இடது மணிக்கட்டில்.

கைப்பைக்குள் போன் ஒளிர்ந்தது. மகள் தினமும் வீடியோவில் கூப்பிடுகிற நேரம்.

அந்த ஒருத்தி அதை எடுத்து நீட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னத் திரையில் மகளும் சிரித்தாள்.

வண்டி நகர்ந்தது.