ஏழரை மணிக் காட்டேரி

சனிக்கிழமை, காலை 9.40

பீடத்தில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரோஜாச் சரம் தொங்கியது. நடுவில் நிற்க வேண்டிய வெள்ளிச் சிலுவையைக் காணவில்லை.

ரேச்சல் போட்ட கூச்சலில், வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சவரிநாதனின் வீடு. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் மகள் ரேச்சலுக்கு நிச்சயதார்த்தம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை அந்தச் சாண் உயரச் சிலுவையைத் தொட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மோதிரம். மூன்று தலைமுறையாக அது இல்லாமல் அங்கே ஒரு கல்யாணமும் பேசி முடிந்ததில்லை.

"எட்டரைக்கு மெழுகுவத்தி ஏத்தும்போது இருந்துச்சுப்பா. என் கண்ணால பாத்தேன்" என்று ரேச்சல் அழுதாள்.

சவரிநாதனின் அண்ணன் ஆசீர்வாதம் முன்னால் வந்தார். மாதா சபைக்காரர், வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. இந்தச் சம்பந்தமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்பால இந்த ரூம்ல யாரு தனியா குந்திகினு இருந்தது? இவன்தானே?"

அவர் விரல் நீண்ட இடத்தில் மாப்பிள்ளை நிலவன் நின்றான். வியாசர்பாடிப் பையன், புத்தரைக் கும்பிடும் குடும்பம், எண்ணூரில் மாலை ஷிஃப்ட் வேலை. ரேச்சலுக்குப் புடவை கொடுக்க வந்தவன், அவள் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"நான் எடுக்கல" என்றான்.

சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆறு மணிக்குள்ள சிலுவ வரலன்னா நிச்சயம் கெடையாது. என்ன மன்னிச்சுடு தம்பி."

ரேச்சல் கண்ணைத் துடைத்த துணியாலேயே பீடத்தைத் துடைக்கப் போனாள். சிலுவை நின்ற இடத்தில் கல் உப்பு கிடந்தது. நிச்சய வீடாயிற்றே, திருஷ்டிக்கு யாரோ வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"தொடாத!" ஆசீர்வாதம் அதட்டினார். "சாட்சி அது. அப்படியே கெடக்கட்டும்."

"அப்டின்னா போலீஸ கூப்புடலாம் பெரியப்பா" என்றான் ரேச்சலின் தம்பி பிராங்கிளின்.

"போலீஸா? நிச்சய வூட்டுல பூட்ஸ் காலு வெச்சா மானம் இன்னா ஆவறது? வோணவே வோணாம்."

காலை 10.05

கேபிள் ஆபீசில் போன் அலறியது. எடுத்தவள் மகிழினி, நிலவனின் அக்கா.

அவள் வேலை புகார் எழுதுவது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் படம் போயிற்று, எப்போது வந்தது, யார் கூப்பிட்டார்கள் என்று நீளமான நோட்டில் குறித்து வைப்பாள். 'கோரைப்பல் ஜமீன்' ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மாத நாவலாக ஆறு புத்தகத்தில் வந்த கதையைத் தொடராக்கித் தினமும் இரவு ஏழரைக்குப் போட்டார்கள். ரத்தம் குடிக்கும் ஜமீந்தார் ருத்ரசேனர், அவரிடம் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்ட சுகந்தி. கதையை எழுதியதே மகிழினி என்பது போல ஊர் அவளைத் திட்டியது. "ஏம்மே, அந்தப் பொண்ண இன்னாத்துக்கு மாளிகைக்கு அனுப்சே?" என்று கேட்டவர்கள் உண்டு. பூண்டு மாலை தொங்காத வாசல் அந்த வட்டாரத்தில் குறைந்துபோயிற்று.

வேடிக்கை என்னவென்றால், மகிழினி ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. ஏழரைக்கு அவள் காதில் ரிசீவர் இருக்கும். பார்த்தவர்கள் பதறுவதை வைத்தே முழுக்கதையும் அவளுக்கு அத்துப்படி.

நேற்றுக்கூட மீன்காரக் குப்பம்மா எட்டு ஐந்துக்குக் கூப்பிட்டு மூச்சு விடாமல் பேசினாள். "அந்தக் குறிகாரியும் காட்டேரிதானாமே! புதங்கெயம அவ சொன்ன உப்பு வட்டம் அத்தினியும் பொய்யாம். அந்த உப்பு ஜமீந்தாருக்கு வெச்ச வெத்தலபாக்காம். உப்ப வெச்சா வா ராசான்னு கூப்ட மாறியாம். எனுக்கு ஈரக்கொலையே நடுங்குது!"

இப்போது போனில் நிலவன். "அக்கா, என்ன கள்ளன்னு சொல்லிட்டாங்க."

மகிழினி நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். கேபிள் வரவில்லை என்று ரேச்சல் பேசிய போனை, அக்காவுக்குச் சோறு கொண்டுவந்த நிலவன் எடுத்ததில் ஆரம்பித்தது இந்தக் காதல். அதனால் இதில் தனக்கும் பொறுப்பு இருக்கிறது என்று அவள் நம்பினாள். தம்பி ஒரு தீப்பெட்டியைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டான்.

காலை 10.40

மகிழினி வந்ததும் பீடத்தின் முன் குனிந்தாள். கல் உப்பு தூவினாற்போல் கிடக்கவில்லை. ஒரு சாசர் அளவுக்கு வட்டமாக, கல்லோடு கல் தொட்டு அடுக்கியிருந்தது.

இதை அவள் பார்த்ததில்லை. ஆனால் புதன்கிழமை இரவு இருபது பேர் போனில் சொல்லக் கேட்டிருக்கிறாள். *வெள்ளிச் சிலுவையைக் கேட்காமல் எடு. எடுத்த இடத்தில் உப்பை வட்டமாக வை. சிலுவையைக் குழந்தையின் தலைமாட்டில் ஒளித்து வை. பொழுது சாயும்வரை உப்பு கலையக் கூடாது.* தொடரில் குறிகாரி சுகந்திக்குச் சொன்ன பரிகாரம் அது.

எட்டரைக்கும் ஒன்பது நாற்பதுக்கும் இடையில் அந்த அறைக்குள் வந்தவர்கள் நான்கே பேர்.

"ரேச்சல், நீ அந்த சீரியல் பாக்கறியா?"

"எங்க வூட்டுல தடை அண்ணி. பிராங்கிளின் போட வுட மாட்டான்."

பிராங்கிளின் ஒன்பது மணிக்குச் சுவரில் கலர் பல்பு மாட்ட வந்தவன்.

"ஆறு புக்கும் மூணு வாட்டி படிச்சவன் நான்" என்று பொரிந்தான். "நாவலை நாசம் பண்ணிட்டானுங்க! மொத வாரத்தோட நிறுத்திட்டேன்."

"நாவல்ல உப்பு வருதா?"

"உப்பா? ஆறு புக்குல எங்கயும் கெடையாது. ஏன்?"

"சும்மாதான். நிலவா, நீ?"

"ஏழரைக்கு நான் எண்ணூர்ல கீறேன். உனக்குத் தெரியாதா?"

கடைசியில் ஆசீர்வாதம். எட்டே முக்காலுக்கு நாற்காலி அடுக்க வந்தவர்.

"மாமா, நீங்க சீரியல் பாப்பீங்களா?"

"அந்தக் கண்றாவியா? ஏழு மணி ஆனா எங்க வூட்டுல ஜெபமால. பேய் பிசாச நடு வூட்டுல குந்த வெச்சு பாக்கறதா? இன்னா கேள்வி இது?"

நான்கு பேர். நான்கு பேரும் பார்ப்பதில்லை. ஆனால் நாவலில் இல்லாத, தொடரில் மட்டுமே வந்த உப்பு பீடத்தில் இருக்கிறது. ஒருவர் பொய் சொல்கிறார்.

மதியம் 12.30

ஆசீர்வாதத்தின் மகள் ஃப்ளோரா, பிறந்து நாற்பது நாளான குழந்தையோடு வந்து சேர்ந்தாள். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள். குழந்தையைப் பிரம்புக் கூடையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அக்னி நட்சத்திர வெயில், மின்விசிறி அனல் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. குழந்தையின் கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு துணி.

"வேர்க்காதா ஃப்ளோரா?"

"அப்பாதான் சுத்தி வுட்டாரு அக்கா. காத்து பட்டா ஆவாதாம். கூடையயும் யாரும் தொடக் கூடாதாம். பதினோரு மணிக்கு வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அவரே தூக்கினு திரியறாரு."

மதியம் 1.45

மகிழினி ஆபீசுக்கு ஓடினாள். நேற்றைய பக்கத்தைப் புரட்டினாள்.

*வெள்ளி, இரவு 7.31. தட்டான் சந்து. ஆம்ப்ளிஃபயர் கருகியது. 8.10க்குச் சரி.*

தட்டான் சந்து முழுக்க அந்த எபிசோடைப் பார்க்கவில்லை. அங்கிருந்து பதினோரு புகார். பத்துக்குப் பெயர் இருந்தது. பதினோராவது அழைப்பு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசிய ஆண் குரல். லைனைச் சரிசெய்யச் சொல்லவே இல்லை. "சுகந்தி கொயந்தைக்கு இன்னா ஆச்சு? அத்த மட்டும் சொல்லு" என்று கெஞ்சியது. பார்த்தவர்கள் கூப்பிட்டால்தான் தெரியும் என்று அவள் சொன்னதும் போனை வைத்துவிட்டது. அவள் எழுதியிருந்தாள்: *பெயர் சொல்லவில்லை.*

அந்த நான்கு பேரில் தட்டான் சந்தில் இருப்பவர் யார் என்று ரேச்சலிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நிச்சயப் பத்திரிகை கொடுக்க மகிழினியே அந்த வீட்டுக்கு நேரில் போயிருக்கிறாள்.

மாலை 5.10

பந்தலில் மைக் செட்காரர் "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருந்தார். வியாசர்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கியும் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார்கள். நிலவன் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

மகிழினி எல்லோரையும் பீடத்தின் முன் கூப்பிட்டாள்.

"சிலுவ யாருகிட்ட கீதுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கத. 'கோரைப்பல் ஜமீன்'ல புதங்கெயம ஒரு பரிகாரம் வந்துச்சு. வெள்ளிச் சிலுவ, வட்டமா உப்பு. இதோ கீது பாருங்க. எடுத்தவங்க கொயந்தைய காப்பாத்தத்தான் எடுத்துக்கீறாங்க. ஆனா பாவம், நேத்து எபிசோட அவங்க பாக்கல."

"நேத்து இன்னா?" ஆசீர்வாதத்தின் குரல் கரகரத்தது.

"அந்தக் குறிகாரியும் காட்டேரிதான் மாமா. பரிகாரமே பொய். உப்பு வட்டம் வேலி இல்ல, அவனுக்கு வெச்ச வெத்தலபாக்கு. சிலுவ எந்தக் கொயந்த தலமாட்டுல கீதோ, பொழுது சாயறப்ப நேரா அங்கதான் வருவான்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது.

ஆசீர்வாதம் பாய்ந்தார். கஞ்சி போட்ட சட்டைக் கையால் உப்பை ஒரே வீச்சில் வாரித் தரையில் இறைத்தார். "ஃப்ளோரா! கொயந்தைய தூக்கு! கூடையிலேர்ந்து தூக்கு!" என்று அலறிக்கொண்டே ஓடி, மெத்தைக்கு அடியில் கையை விட்டார். வெளியே வந்த கையில் வெள்ளிச் சிலுவை பளபளத்தது.

அவருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது.

"அண்ணே, நீயா?" என்றார் சவரிநாதன்.

மகிழினி மெதுவாகச் சொன்னாள். "பிராங்கிளின் நாவல்தான் படிச்சான், அதுல உப்பே கெடையாது. நேத்து எபிசோட பாத்த யாரும் உப்ப தொடக்கூட மாட்டாங்க. அப்டின்னா புதங்கெயம பாத்துட்டு வெள்ளிக்கெயம பாக்காதவங்க. உங்க தட்டான் சந்துல நேத்து லைன் இல்ல. ஆனா காலைலயே நீங்க மாட்டிக்கினீங்க மாமா. சாட்சி, உப்ப தொடாதன்னீங்கன்னு தம்பி சொன்னான். சாட்சிய பாக்க வர்ற போலீஸ வோணாம்னீங்க. அப்டின்னா அந்த உப்பு யாருக்காக அங்க கெடந்துச்சு?"

ஆசீர்வாதம் குழந்தையின் கழுத்துத் துணியை விலக்கினார். கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில்.

"நேத்து சாயங்காலம் பாத்தேன். சுகந்தி கொயந்தைக்கும் இப்டித்தான் வந்துச்சு. நாப்பது நாளு கொயந்தம்மா. யாருகிட்ட போயி சொல்லுவேன்? சீரியலு பாக்கறது பாவம்னு கோயில் வாசல்ல நின்னு பேசினவன் நானு."

மகிழினி குனிந்து பார்த்தாள். குழந்தையின் தொடையில் மூன்று புள்ளி, காதோரம் ஒன்று.

"கொசு மாமா. நம்ம ஏரியாவுல காட்டேரி வந்தாலும் பட்டினிதான். அதுக்கு ஒரு சொட்டு மிச்சம் வெக்காது கொசு."

யாரோ சிரித்தார்கள். நிலவன் சிரிக்கவில்லை.

"கொயந்தைக்காக எடுத்தீங்க. சரி" என்றான். "ஆனா என்ன கள்ளன்னு சொல்லும்போது உங்களுக்குத் தெரியும் இல்ல, நான் எடுக்கலன்னு?"

ஆசீர்வாதத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"தெரியும்" என்றார்.

மாலை 5.50

அவர் யாரிடமும் சொல்லாமல் பந்தலுக்குப் போய் மைக்கைப் பிடுங்கினார். தெரு முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

"நான் ஆசீர்வாதம் பேசறேன். சிலுவய எடுத்தது நானு. பழிய போட்டது இந்தப் புள்ள மேல. தப்பு எம்மேலதான்." அவர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "இன்னொண்ணும் சொல்லணும். அந்த சீரியல நான் மொத நாள்லேர்ந்து பாக்கறேன்."

முதல் செய்திக்கு வாயைப் பிளந்த தெரு, இரண்டாவதுக்கு விசிலடித்தது. எதிர் மாடியிலிருந்து குப்பம்மா கத்தினாள்: "நைனா, நீயுமா!"

ஆறு மணிக்கு ஆசீர்வாதமே சிலுவையை நிலவனின் இரண்டு கையிலும் வைத்தார். வைத்தவர் தன் கையை எடுக்கவில்லை. நிலவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கையோடு சேர்த்தே சிலுவையைப் பிடித்து வாக்குக் கொடுத்தான். ரேச்சல் அழுதுகொண்டே சிரித்தாள்.

திங்கள்கிழமை, இரவு 8.02

போன் அலறியது. மகிழினி எடுத்தாள்.

"தட்டான் சந்துலேர்ந்து பேசறேன்."

"லைன் இல்லீங்களா?"

"லைன்லாம் சூப்பராத்தான் கீது. அந்தக் குறிகாரிய இன்னும் உசிரோட வுட்டு வெச்சுக்கீறானுங்களே, இது நாயமா? நாளிக்காவது அவள முடிப்பானுங்களா?"

துணி மூடாத, கணீரென்ற குரல்.

"புகார் எழுதணும். யாரு பேசறது?"

"ஆசீர்வாதம். நல்லா கொட்ட எழுத்துல எழுதிக்கோம்மா."

மகிழினி எழுதினாள். பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டி, வெள்ளிக்கிழமை 'பெயர் சொல்லவில்லை' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, அங்கேயும் அதே பெயரை எழுதினாள்.